ஐந்தடி தாண்டாத ஆறு

நில்லுங்கள் அம்மா, நில்லுங்கள். வண்டியை அப்படியே இந்த நிழற்குடைக்குள் ஏற்றிவிடுங்கள். முன்சக்கரத்தை நான் தூக்கிக் கொடுக்கிறேன். பயப்பட வேண்டாம், நான் திருடனும் இல்லை, ஜோசியனும் இல்லை. அதோ அந்த மூங்கில் திருப்பத்தைத் தாண்டினால் தரைப்பாலம். அதன் மேல் இப்போது ஒன்றரை அடி தண்ணீர் போகிறது. அளவுப் பலகையில் ஏழரை. ஆறடியில் பாலம் முழுகும், ஏழரை என்றால் நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உட்காருங்கள். அங்கே வேண்டாம், அந்த இடம் ஈரம். கூரை ஒழுகவில்லை, ஆனாலும் அந்த இடம் ஈரமாகத்தான் இருக்கும். இந்தப் பக்கம் வாருங்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? இந்தக் கருவலாற்றை இருபத்தேழு வருஷம் அளந்தவன் நான். பெயர் தணிகாசலம். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, அளவுக்காரர் என்று கேளுங்கள், நாய் கூட வழி காட்டும். தினமும் காலை எட்டு மணிக்குப் பாலத்துத் தூணில் அடித்திருக்கிற பலகையைப் பார்க்க வேண்டும். தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதை ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். மேலே ஆபீசுக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. அரசாங்கச் சம்பளம். இப்போது அங்கே ஒரு மிஷின் வைத்துவிட்டார்கள். தானே அளந்து தானே அனுப்பிக்கொள்கிறது. அதற்கு ஒரு கதை சொல்லத் தெரியுமா, பாவம்.

உங்கள் பையிலிருந்து எட்டிப் பார்க்கிறதே அந்தப் புத்தகம், அதன் முதுகைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். ரிஸ்க் பரீட்சை. பேங்குக்காரர்கள் எழுதுவது. டவுன் இன்ஜினியரிங் காலேஜில், கம்ப்யூட்டர் ஹாலில். எட்டு மணிக்குக் கதவைச் சாத்தினால் அப்புறம் ஐயனாரே குதிரையோடு வந்தாலும் திறக்கமாட்டார்கள். சரிதானே? இப்போது மணி ஏழு இருபது. பாலம் வழியாக இருபது நிமிஷம். பெரிய பாலம் சுற்றிப் போனால் ஒரு மணி நேரம், அதற்கு உங்களுக்கு நேரம் இல்லை. ஏழு நாற்பதுக்குக் கிளம்பினாலும் போதும். மேலே ஏரி மதகை அடைத்துவிட்டார்களாம், தண்ணீர் இறங்கிக்கொண்டே வரும். இறங்கியதும் நானே சொல்கிறேன். அதுவரை அந்தப் புத்தகத்தை நனைக்காமல் இருங்கள்.

நானும் அதற்குப் படித்தவன்தான்.

சிரிக்கலாம், தப்பில்லை. அறுபத்தெட்டு வயதில், பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, நாலு புத்தகமும் படித்தேன். நாலும் சேர்ந்து ஆறு கிலோ. மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். முதல் புத்தகம் என்ன சொல்கிறது? நேற்று நடந்ததை வைத்து நாளைக்கு நடப்பதைக் கணக்குப் போடு என்கிறது. இரண்டாம் புத்தகம் என்ன சொல்கிறது? அந்தக் கணக்கை ரொம்ப நம்பாதே என்கிறது. இதைச் சொல்ல ஆறு கிலோவா? எங்கள் ஊர் சலவைக்காரர் வானத்தைப் பார்த்துவிட்டு அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவார்.

ஏன் படித்தேன் என்றால், ஒரு கணக்கில் தப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அது என் மாப்பிள்ளை போட்ட கணக்கு.

இருங்கள், ஆற்றிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருஷம் ஒழுங்காகத்தான் போய்ப் பார்த்தேன். அப்புறம் ஒரு மழைநாள். இந்த இடத்தில் அப்போது ஒரு டீக்கடை. கையில் சூடாக டீ, வெளியே ஊசி மாதிரி சாரல். பாலத்தைத் தாண்டி ஒருவர் சைக்கிளில் வந்தார். ‘தண்ணி எவ்ளோய்யா நிக்குது?’ என்று கேட்டேன். ‘மூணாங்கோட்டுல நிக்குது’ என்றார். எழுதிக்கொண்டேன். ஆறும் அங்கேயே இருந்தது, நானும் இங்கேயே இருந்தேன், யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு மாதம் கழித்து, கேட்பதையும் விட்டுவிட்டேன். கட்டிய மனைவிக்குக் காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்த்தா சொல்கிறோம்? நடையைப் பார்த்தாலே தெரியவில்லையா? ஆறும் அப்படித்தான்.

ஆனால் எழுதுவதற்கு ஒரு கை வேண்டும் அம்மா. தினமும் மூன்றடி மூன்றடி என்று எழுதினால் மேலே உட்கார்ந்திருப்பவருக்குச் சந்தேகம் வந்துவிடும். இன்றைக்கு மூன்றடி இரண்டங்குலம். நாளைக்கு ஓர் அங்குலம் இறக்கு. மறுநாள் அரை அங்குலம் ஏற்று. ஆடியில் மெல்ல ஏற்றி, ஐப்பசியில் நன்றாக ஏற்றி, தை பிறந்ததும் படிப்படியாக இறக்கிக் கொண்டுவந்து பங்குனியில் தரையில் வைக்க வேண்டும். வீணை வாசிக்கிற மாதிரி. நடுவில் ஓர் எண்ணை அடித்துத் திருத்தியும் வைப்பேன். அடித்தல் திருத்தல் இருந்தால்தான் நிஜம் மாதிரி இருக்கும்.

இன்னொன்று. எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. ஐந்தடியைத் தாண்டிவிட்டால் அன்றைக்கு மணிக்கொரு தடவை அளவு எடுத்தாக வேண்டும். ராத்திரி, பகல், இடி, மின்னல் எதுவும் பார்க்கக் கூடாது. பாலத்தடியிலேயே சாக்கைப் போர்த்திக்கொண்டு நிற்க வேண்டும். எனக்கு மூச்சிரைப்பு. அதனால் எவ்வளவு மழை பெய்தாலும் நாலடி ஒன்பதங்குலத்தோடு நிறுத்திவிடுவேன். என் காலத்தில் கருவலாறு ஐந்தடியைத் தாண்டியதே இல்லை. எழுத்தில் தாண்டியதில்லை என்கிறேன்.

ஒரு தடவை பெரிய அதிகாரி ஜீப்பில் வந்துவிட்டார். பாலத்துக்கு மேலே இடுப்பளவு தண்ணீர். என் ரிஜிஸ்டரில் நாலடி எட்டு. ‘என்னய்யா இது?’ என்றார். ‘ஐயா, எட்டு மணிக்கு நாலடி எட்டுதான். உங்க ஜீப்பு சத்தம் கேட்டு யாரு வர்றாங்கன்னு எட்டிப் பாக்குது’ என்றேன். சிரித்துவிட்டார். சிரித்த அதிகாரி கையெழுத்துப் போட்டுவிடுவார், அது உலக வழக்கம். ஓய்வு பெறுகிற நாளில் எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். இருபத்தேழு வருஷம் ஒரு நாள்கூட விட்டுப்போகாமல் அளவு அனுப்பியதற்கு. சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். விட்டுப்போகவில்லை என்பது உண்மைதானே?

மணியா? ஏழு இருபத்தேழு. அவசரமில்லை. இப்போது ஏழடி மூன்றங்குலம் இருக்கும்.

மாப்பிள்ளை பெயர் இளம்பரிதி. மதுரைப் பக்கம். ஆறு பார்க்காத பிள்ளை. அவர்கள் ஊரில் ஆற்றில் கிரிக்கெட் ஆடுவார்களாம். சென்னையில் ஒரு பேங்கில் வேலை. என் ஒரே மகள் பூங்கோதையைக் கட்டியவர். எல்லாக் கம்பெனியும் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று சொன்னதே, அந்த வருஷம் இரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒரு பெட்டியில் துணி, மூன்று பெட்டியில் புத்தகம்.

அப்பப்பா, அந்தப் படிப்பு. விடிவதற்கு முன்னால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். சின்னச் சின்னத் தாளில் சூத்திரங்களை எழுதி வீடெல்லாம் ஒட்டிவிட்டார். பிரிட்ஜில் ஒன்று, குளியலறைக் கதவில் ஒன்று, என் சவரக் கண்ணாடியில் ஒன்று. நான் முகத்தைப் பார்த்தால் மூக்கின் மேல் ஒரு சமன்பாடு. கால்குலேட்டர்கூட அவர்கள் சொன்ன வகைதான் கொண்டுபோக வேண்டுமாம். அதை விரலைப் பார்க்காமலே தட்டுவார், மிருதங்கம் மாதிரி.

‘ரிஸ்க்குன்னா என்ன தெரியுமா மாமா?’ என்று ஒரு நாள் கேட்டார்.

‘தெரியும் மாப்பிள்ள. உங்களுக்குப் பொண்ணு குடுத்தது’ என்றேன்.

அப்படிச் சிரித்தார். என் கதைகளுக்கு அந்த வீட்டில் சிரித்த ஒரே ஆள் அவர்தான். அளவுப் பலகையில் இருந்த ஏழாம் நம்பரைக் கெளுத்தி மீன் தின்றுவிட்டது, அதிலிருந்து அந்த மீனுக்கு ஏழு குட்டிக்கு மேல் பிறப்பதில்லை என்றால், மற்றவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அவர், ‘ஏழும் பொட்டையா மாமா?’ என்று கேட்பார்.

அவர்தான் சொன்னார், ‘புத்தகத்துல இருக்கிறதெல்லாம் பொம்மக் கணக்கு மாமா. கைக்கு வராது. நெஜமான எண்ணு வேணும். ரொம்ப வருசத்துது வேணும்’ என்று. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பெருமை விடவில்லை. பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினேன். ரிஜிஸ்டர்களின் கார்பன் காப்பி, இருபத்தேழு வருஷம், ஒன்பதாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் அளவுகள்.

அவர் கண்ணைப் பார்க்க வேண்டுமே. புதையல் கிடைத்தவன்கூட அப்படித் தடவிப் பார்க்கமாட்டான்.

இரண்டு மாதம் தினமும் சாயங்காலம் அதுதான் வேலை. பூங்கோதை வாசிப்பாள், அவர் லேப்டாப்பில் ஏற்றுவார். ‘மூணடி ரெண்டு. மூணடி ஒண்ணு. மூணடி ஒண்ணர.’ நான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதியதெல்லாம் அவள் குரலில் ஸ்தோத்திரம் மாதிரி கேட்டது. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது, போய்ப் பார்த்துத்தான் எழுதியிருப்பேனோ என்று. அடித்துத் திருத்திய இடம் வரும்போது, ‘பாருங்க, அப்பா எவ்ளோ கவனமா இருந்திருக்காரு’ என்பாள். அவளுக்கு நான் சொல்கிற கதை எதுவும் பிடிக்காது. அந்த ரிஜிஸ்டர் மட்டும் பிடித்திருந்தது.

ஒரு நாள் அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். குன்று மாதிரி ஒரு படம். ‘உங்க ஆறு ரொம்ப ஒழுக்கமான ஆறு மாமா. எப்பவோ ஒரு நாள் வர்ற ரொம்ப மோசமான நாளு இருக்கு பாருங்க, அத நாங்க வாலுன்னு சொல்வோம். பங்குச் சந்தையில அந்த வாலுதான் ஆள அடிக்கும். இங்க வாலே இல்ல. பாலத்து மேல தண்ணி ஏற நூத்தி நாப்பது வருசத்துல ஒரு தடவதான் வாய்ப்பு.’

நூற்று நாற்பது வருஷம். எனக்குத் தெரிந்து இரண்டு மழைக்கு ஒரு தடவை ஏறும்.

‘அப்படியா மாப்பிள்ள’ என்றேன்.

இந்தப் பரீட்சையை நவம்பரில் வைத்தவர் எந்த ஊர்க்காரர் என்று தெரியவில்லை. அவர் ஊரில் கார்த்திகை மாதம் மழை இல்லை போலிருக்கிறது. மே மாதத்தில் மட்டும் வைத்திருந்தால் ஆற்றில் கிரிக்கெட் ஆடிக்கொண்டே போயிருக்கலாம். தப்பு எங்கெங்கே ஆரம்பிக்கிறது பாருங்கள்.

பரீட்சைக்கு முந்தின நாள். இரண்டு நாளாக மழை விடவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். கேழ்வரகு அடை, கருவாட்டுக் குழம்பு. பூங்கோதை சொன்னாள், ‘காலைல சீக்கிரமே கெளம்பி சுத்திப் போயிடுங்க. மழன்னா அந்தப் பாலத்துல தண்ணி ஏறும்.’ அவள் படித்ததெல்லாம் ஹாஸ்டலில், ஆனாலும் லீவுக்கு வந்தபோது பார்த்திருப்பாள் இல்லையா.

அவர், ‘சின்ன வயசுல பாத்ததெல்லாம் பெரிசாத் தெரியும் பூங்கோத. இருபத்தேழு வருசக் கணக்கு கையில இருக்கு. நீதான வாசிச்ச?’ என்றார்.

‘கணக்குல இல்லன்னா? ஆறு கணக்கப் பாத்தா வருது?’

அப்போது அவர் என் பக்கம் திரும்பினார். கையில் அடையைப் பிய்த்தபடி. சிரித்த முகம்தான், ஆனால் கேள்வியைக் கேள்வியாகவே கேட்டார். ‘நீங்களே சொல்லுங்க மாமா. ஏறுமா, ஏறாதா?’

அம்மா, நான் வாழ்க்கையில் ஆயிரம் பொய் சொல்லியிருக்கிறேன். ஒன்றுகூட யாரும் நம்புவதற்காகச் சொன்னதில்லை. சிரிப்பதற்காகச் சொன்னது. அன்றைக்கு அவள் என்னைப் பார்க்கிறாள், அவர் என்னைப் பார்க்கிறார், சுவரில் அந்தச் சான்றிதழ் தொங்குகிறது. ஏறும் என்று சொன்னால் என்ன ஆகும்? ‘அப்ப ஏன் எழுதல?’ என்று அடுத்த கேள்வி வருமா வராதா? ரிஸ்க் படித்தவர், வராமல் இருக்குமா?

‘என் ரிஜிஸ்டர்ல இல்லன்னா இல்ல மாப்பிள்ள’ என்றேன்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அவர் அடையைக் குழம்பில் தோய்த்தபடி என்னைப் பார்த்தார். ‘சரி மாமா’ என்றார்.

காலையில் கிளம்பும்போது வாசலில் ரெயின்கோட்டுக்குப் பட்டன் போட்டுக்கொண்டே கேட்டார், ‘மாமா, இன்னிக்கி அளவு என்ன?’ தினமும் கேட்பார், எங்களுக்குள் விளையாட்டு அது. நான் நாற்காலியில் இருந்தபடியே ஏதாவது ஓர் அளவு சொல்வேன். அன்றைக்கும் சொன்னேன். ‘நாலடி எட்டு.’

மூன்றாம் நாள் வண்டி கிடைத்தது. நாலாம் நாள் அவர். பை மட்டும் அன்றைக்கே ஒரு வேலிக்காத்தான் புதரில் மாட்டிக்கொண்டிருந்தது. உள்ளே பிளாஸ்டிக் உறையில் ஹால் டிக்கெட்டும் கால்குலேட்டரும். ஒரு சொட்டு ஈரம் இல்லை. எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு செய்கிற ஆள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அதையேதான் கேட்டார்கள். அவ்வளவு படித்தவர் எப்படி ஆற்றில் வண்டியை விட்டார்? நான்தான் பதில் சொன்னேன். ‘கணக்குப் போட்டாரு. எங்கியோ தப்பா போட்டுட்டாரு.’ சொல்லும்போது பூங்கோதை பின்னால் நின்றிருக்கிறாள், எனக்குத் தெரியாது. இப்போது சென்னையில் தனியாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். உடம்பைப் பற்றிக் கேட்பாள், மாத்திரையைப் பற்றிக் கேட்பாள், கடைசியில் அதைக் கேட்பாள். ‘அப்பா, அவருக்குக் கணக்குல தப்பே வராதேப்பா. எங்கப்பா தப்பாப் போச்சு?’

‘தேடிக்கிட்டிருக்கேம்மா’ என்பேன்.

அது பொய் இல்லை. தேடத்தான் தேடினேன். அதற்குத்தான் ஆறு கிலோ. தப்பு அந்தக் கணக்கில் எங்கேயோ இருந்தால் போதும். ஒரு கூட்டல், ஒரு கழித்தல், ஒரு புள்ளி இடம் மாறியது. இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் இல்லையா? டவுனில் ஒரு பேங்குப் பையனிடம் டியூஷன்கூடப் போனேன். ‘தாத்தா, எதுக்கு உங்களுக்கு இது?’ என்றான். ‘அடுத்த ஜென்மத்துல மேனேஜர் ஆகணும்பா’ என்றேன். மூன்று வருஷம். மாப்பிள்ளை கணக்கு எழுதிவைத்திருந்த நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக நானே போட்டுப் பார்த்தேன். எட்டாயிரத்துச் சொச்சம் வரிசை வரைக்கும் கையால் சரிபார்த்தேன், மிச்சத்தைப் பையன் லேப்டாப்பில் போட்டுக் காட்டினான்.

ஒரு தப்பு இல்லை அம்மா. சுத்தமான கணக்கு. நூற்று நாற்பது என்றால் நூற்று நாற்பதுதான் வருகிறது.

கடைசிப் பக்கத்தில், பென்சிலில், சின்னதாக ஒரு வரி இருந்தது. ‘ஐந்தடிக்கு மேல் ஒரு நாள்கூட இல்லை. நாலு ஒன்பது மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு நாள். ஏன்? மாமாவைக் கேட்க வேண்டும்.’

கேட்டுவிட்டார் இல்லையா? கையில் அடையோடு கேட்டாரே.

என்ன, எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள். இப்போது போனால் ஆறடி பத்தங்குலம். வண்டிச் சக்கரம் பாதி முழுகும். மணியைப் பார்க்காதீர்கள், மணி பார்த்துத்தான் அவரும் போனார்.

அவர் வருகிறார் அம்மா. இதுவும் கதை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்குப் பழக்கம்தான். முதலில் வீட்டுக்குத்தான் வந்தார். காலை எட்டு மணி. நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன், வாசலில் ரெயின்கோட்டுப் பட்டன் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்து பட்டன். அப்புறம், ‘மாமா, இன்னிக்கி அளவு என்ன?’ சாந்தமாகத்தான் கேட்பார், கோபமே இல்லை. கோபமாகக் கேட்டால் ஏதாவது பதில் சொல்லிவிடலாம். நான் ஓர் அளவு சொல்வேன். ‘சரி மாமா’ என்பார். தரையில் ஈரம் இருக்கும்.

பேட்டரியைக் கழற்றிய அவர் கால்குலேட்டரில் திரை தானாக ஒளிர்ந்தது என்றும் ஊரில் சொல்லிவைத்திருக்கிறேன். அது மட்டும் நான் சேர்த்தது. மற்றதெல்லாம் நடந்தது.

ஒரு நாள், ‘தெரியாது மாப்பிள்ள, நான் போய்ப் பாக்கல’ என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் அப்புறம் அவர் வரமாட்டார் என்று தோன்றிவிட்டது. கேட்டது கிடைத்துவிட்டால் போய்விடுவார் இல்லையா? பூங்கோதையும் அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை போன் செய்யமாட்டாள். வேறெதைக் கேட்க அவள் போன் செய்வாள்? இரண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், ஒருவர் வாசலில், ஒருத்தி போனில். அந்தக் கேள்விதான் எனக்கு மிச்சம் இருக்கிற குடும்பம்.

பரீட்சை நாள் வந்தால் மட்டும் வீட்டில் உட்கார முடியாது. இங்கே வந்துவிடுவேன். இது மூன்றாவது வருஷம். புத்தகத்தோடு யாராவது இந்தப் பக்கம் வருகிறார்களா என்று பார்ப்பேன். முதல் வருஷம் ஒரு பையன் வந்தான், இரண்டாம் வருஷம் அக்கா தம்பி இரண்டு பேர். நிறுத்தி உட்காரவைத்துவிட்டேன். மூன்று பேரும் உயிரோடு இருக்கிறார்கள். அந்தப் பையன் மட்டும் திட்டிவிட்டுப் போனான். திட்டட்டும். திட்டுவதற்கு வாய் இருக்கிறதே, அதுதானே வேண்டும்.

அதோ, சைக்கிள் மணி. அய்யாக்கண்ணு வருகிறான், டவுனில் பால் ஊற்றிவிட்டு வருகிறான். காலி கேன் சத்தத்தைக் கேளுங்கள்.

எந்தப் பக்கமிருந்து வருகிறான் என்றா கேட்கிறீர்கள்? ஆமாம், பாலம் வழியாகத்தான். அவனுக்கு வேறு வழி ஏது.

‘என்னா அளவுக்காரரே, இன்னிக்கி யாரப் புடிச்சி வெச்சிருக்கிற? அந்தப் பொண்ண விடுய்யா. பாலம் காஞ்சி கெடக்குது, ஒரு பொட்டுத் தண்ணி இல்ல. தோ, என் காலப் பாரு.’

போடா, போய் உன் மாட்டைப் பார். உன் காலை வைத்தா ஆற்றை அளப்பார்கள்?

அம்மா, அப்படிப் பார்க்காதீர்கள். மணி ஏழு ஐம்பத்தேழு. இனிமேல் பறந்தாலும் கதவுக்கு வெளியேதான் நிற்பீர்கள், அதனால் நிதானமாகப் பேசலாம். ஒரு வருஷப் படிப்பு என்கிறீர்கள். தெரியும். நான் மூன்று வருஷம் படித்தவன். மே மாதம் மறுபடியும் வைப்பார்கள், ஆறு வறண்டு கிடக்கும், நேராகப் போய் எழுதலாம். அழாதீர்கள். இதோ, என் நோட்டைப் பாருங்கள். முதல் வருஷம், ஏழடி ஆறங்குலம். இரண்டாம் வருஷம், ஏழடி எட்டு. இன்றைக்கு, ஏழரை. கருவலாற்றுக்கு வால் முளைத்துவிட்டது. இனி யார் இந்தக் கணக்கை எடுத்துப் போட்டாலும் பாலம் முழுகும் என்றுதான் வரும். இருபத்தேழு வருஷத்தில் இப்படி மூன்று நாள் எழுதியிருந்தால் போதும் அம்மா. மூன்றே நாள்.

நோட்டுக்குள் இருக்கிற காகிதமா? ஹால் டிக்கெட்தான். போட்டோ நான் இல்லை. காது கொஞ்சம் பெரிது, பார்த்தீர்களா, சிரிக்கும்போது இன்னும் பெரிதாகத் தெரியும்.

என்ன கேட்டீர்கள்?

நான் போய்ப் பார்த்தேனா என்றா?

அந்தத் திருப்பம் வரைக்கும் போயிருக்கிறேன். அதோ அந்த மூங்கில் வரைக்கும். அதற்கப்புறம் கால் போகாது.

கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் அம்மா. எட்டு ஆகப் போகிறது. அந்த இடத்தை விடுங்கள், ஈரம் என்று அப்போதே சொன்னேன். பட்டன் சத்தம் உங்களுக்குக் கேட்கவில்லையா? மூன்று. நாலு.

ஏழரை மாப்பிள்ள. ஏழரை அடி. சுத்திப் போங்க.